வெட்டி எடுத்த எலும்பு எங்கே போகிறது?

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் நாம் என்னென்ன கேட்கிறோம்? 'எவ்வளவு செலவாகும்?', 'எத்தனை நாள் படுக்கணும்?', 'செயற்கை மூட்டு எத்தனை வருஷம் தாங்கும்?', 'கீழே உட்கார்ந்து சாப்பிடலாமா?'... எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தோன்றுவதே இல்லை.

'வெட்டி எடுத்த எலும்பை என்ன செய்வீங்க டாக்டர்?'

'அதைத் தெரிஞ்சு நமக்கென்ன ஆகணும்? கெட்டுப்போன எலும்பு, தூக்கிப் போட வேண்டியதுதானே!' என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். அந்த எலும்புத் துண்டு சில சமயம் யாருமே எதிர்பாராத ஒரு சேதியை வைத்துக்கொண்டிருக்கும். மூட்டுத் தேய்மானம் என்று எடுத்த எலும்புக்குள் 'லிம்ஃபோமா' என்கிற நிணநீர்ப் புற்றுநோய் ஒளிந்திருந்ததை மைக்ராஸ்கோப் காட்டிக்கொடுத்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அடிக்கடி நடப்பதல்ல, அபூர்வம்தான். ஆனால் நடந்துவிட்டால், அந்தச் சேதி உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

மிளகுக் கொடியும் இடுப்பு எலும்பும்

ஒரு பேச்சுக்கு, கொல்லிமலைப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிற இந்த மலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியைப் படரவிட்டிருப்பதை, அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாயகங்கை அருவிக்கும் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அறுவடைக் காலத்தில் ஏணி வைத்து ஏறித்தான் மிளகு பறிக்கவேண்டும். கால் தவறினால் இடுப்பு எலும்பு போச்சு!

மேலே செம்மேட்டில் முதலுதவி ஆகிறது. பிறகு காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே வரவேண்டும். நாமக்கல்லோ சேலமோ போய்ச் சேர்ந்தால், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. வயதானவர்களுக்கு அந்த முறிவு சரியாகக் கூடுவதில்லை. அதனால் தொடை எலும்பின் உச்சியில் பந்து போல உருண்டையாக இருக்கும் தலைப் பகுதியை எடுத்துவிட்டு, உலோகப் பந்தைப் பொருத்துகிறார்கள். எலும்பு டாக்டர்களுக்கு இது தினசரி வேலை. இரண்டொரு நாளில் வாக்கர் பிடித்து நடக்க வைத்து, பிறகு வீட்டுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். தையல் பிரித்தாயிற்று, பெரியவர் மலை ஏறிவிட்டார். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஆனால் அந்த எலும்புப் பந்து பேதாலஜி லேபுக்குப் போயிருந்தால், அதன் ரிப்போர்ட் அநேகமாக இன்னும் வந்திருக்காது. பெரியவர் வீட்டுக்குப் போன பிறகுதான் வரும். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று வந்தால் கவலையில்லை. வேறு மாதிரி வந்தால்? அந்தக் காகிதம் கீழே ஃபைலுக்குள், ஆள் 70 வளைவுக்கு மேலே! இந்த இடைவெளியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமில்லை, பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிற உங்களுக்கும் எனக்கும் இது பொருந்தும்.

எலும்புக்குள் புற்றுநோய் எப்படி வந்தது?

எலும்பு என்றால் கல் மாதிரி உயிரில்லாத பொருள் என்று பலர் நினைக்கிறோம். ஆட்டுக்கால் எலும்பை உறிஞ்சிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும், உள்ளே மஜ்ஜை இருக்கிறது! ரத்த அணுக்கள் உற்பத்தியாகிற தொழிற்சாலையே அதுதான். குழந்தைப் பருவத்தில் ஏறக்குறைய எல்லா எலும்புகளிலும் ரத்தம் ஊறும். வயதாக ஆக இந்தத் தொழிற்சாலை சுருங்கி, முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, தொடை எலும்பின் மேற்பகுதி போன்ற இடங்களில் மட்டும் நின்றுவிடுகிறது. மற்ற இடங்களில் கொழுப்பு நிறைந்துவிடும்.

இப்போது புரிகிறதா? இடுப்பு ஆபரேஷனில் டாக்டர் எடுக்கிற அந்தப் பந்துக்குள் கொஞ்சம் மஜ்ஜையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. மஜ்ஜைப் பரிசோதனை என்று தனியாக ஊசி குத்தி எடுக்கவேண்டிய பொருள், கேட்காமலேயே கைக்குக் கிடைக்கிறது. இதே மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தினான் என்று சங்கப் பாடல் பாராட்டுகிறது. ஒரே ஆபரேஷனில் மூட்டு வலியும் தீர்ந்து, மறைந்திருந்த வேறொரு நோயும் அகப்படுவது கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

லிம்ஃபோமா என்பது லிம்ஃபோசைட் என்கிற வெள்ளையணு வகையில் வருகிற புற்றுநோய். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய இந்த அணுக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகிவிடுகின்றன. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் 'நெறி கட்டுவது'தான் வழக்கமான அடையாளம். 1832-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் இதைப் பற்றி முதலில் எழுதினார். அவர் பெயரால் ஹாட்ஜ்கின் வகை என்றும், மற்றவற்றை ஹாட்ஜ்கின் அல்லாத வகை என்றும் பிரித்துச் சொல்கிறார்கள்.

லிம்ஃபோசைட்டுகள் உடம்பெங்கும் சுற்றுகிறவை. அதனால் லிம்ஃபோமா மஜ்ஜையிலும் வந்து குடியேறலாம். சில சமயம் எலும்பிலேயே ஆரம்பிப்பதும் உண்டு. ஆனால் அப்படி எலும்பில் தொடங்குவது லிம்ஃபோமாக்களில் 100-க்கு 2-க்கும் குறைவுதான். மெதுவாக வளர்கிற வகையாக இருந்தால் காய்ச்சல், எடைக் குறைவு எதுவுமே இல்லாமல் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ரேயில் தெரியாது. சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் தப்பிவிடலாம். 'வயசாச்சு, மூட்டு தேஞ்சு போச்சு' என்று ஆபரேஷன் செய்தபோதுதான் அகப்படும்.

1146 எலும்புகள் சொன்ன கணக்கு

இது எவ்வளவு அபூர்வம்? இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர்கள் 1999-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒருவரிடமிருந்து எடுத்த எலும்பைச் சுத்தம் செய்து, உறைய வைத்து, இன்னொருவருக்கு வைக்கிற 'எலும்பு வங்கி' முறை உலகெங்கும் இருக்கிறது. நம் நாட்டில் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 1988-இலேயே திசு வங்கி தொடங்கிவிட்டார்கள். அப்படித் தானம் கொடுக்கத் தகுதியானவை என்று கருதத்தக்க 1146 தொடை எலும்புத் தலைகளை ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள்.

91 எலும்புகளில் ஏதாவது ஒரு நோய் இருந்தது! அதாவது 100-க்கு 8. பயப்படாதீர்கள், இதில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. 63 எலும்புகளில் குருத்தெலும்பில் சுண்ணாம்பு உப்பு படிந்திருந்தது. 13-இல் ரத்த ஓட்டம் இல்லாமல் எலும்பு செத்துப் போயிருந்தது. 6-இல் தீங்கில்லாத எலும்புக் கட்டி. 4-இல் முடக்குவாதம் போன்ற அழற்சி. 2-இல் எலும்பின் வளர்சிதை மாற்றத்தில் கோளாறு. பாக்கி 3 புற்றுநோய். அந்த மூன்றில் ஒன்று குருத்தெலும்புப் புற்று, இரண்டு லிம்ஃபோமா.

1146-இல் 2 என்பது ஏறக்குறைய 570 பேருக்கு ஒருவர். அந்த இரண்டும் மெதுவாக வளர்கிற வகை. இந்த வகை மேல்நாட்டில் அதிகம், நம் நாட்டில் குறைவு என்பதால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கக்கூடாது. ஆனால் நோயுள்ள அந்த எலும்புகள் பரிசோதனை இல்லாமல் இன்னொருவர் உடம்புக்குப் போயிருந்தால்? அதனால்தான் தானமாகத் தருகிற எலும்பு ஒவ்வொன்றையும் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள்.

'அப்படியானால் எல்லோருக்கும் பார்த்துவிட வேண்டியதுதானே?' என்று கேட்பீர்கள். இதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இடுப்பு, முழங்கால் மாற்று ஆபரேஷன்களைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். தேய்மானம் என்று தெளிவாகத் தெரிந்தவர்களில், பேதாலஜி ரிப்போர்ட்டால் சிகிச்சை மாறியது என்பது அநேகமாக இல்லை. செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று முடிவு சொன்னார்கள். எதிர்க்கட்சியோ, 'ஆயிரத்தில் ஒருவர் என்றாலும் அவருக்கு அது முழு உயிர்' என்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சில மருத்துவமனைகளில் எடுத்த எல்லாவற்றையும் அனுப்புகிறார்கள், சிலவற்றில் சந்தேகம் இருந்தால் மட்டும். அனுப்பாத எலும்பு, மருத்துவக் கழிவுகளுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள் பையில் போட்டு அழிக்கப்படுகிறது. அதன் பிறகு திரும்பப் பார்க்க வழியே கிடையாது.

யாருக்குக் கட்டாயம் பார்க்கவேண்டும்?

கீழே சொல்லியிருப்பவற்றில் ஏதாவது உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

* மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் படுக்கையில் திரும்பும்போதோ, கட்டிலிலிருந்து எழும்போதோ, சும்மா நடக்கும்போதோ 'மளுக்'கென்று முறிந்தால் அந்த எலும்பில் ஏற்கெனவே ஏதோ கோளாறு இருக்கலாம். (வயதானவர்களுக்குச் சாதாரண எலும்புத் தேய்வினாலும் இப்படி ஆவதுண்டு என்பதால் உடனே கலங்கவேண்டாம்.)

* நடக்கும்போது மட்டும் இல்லாமல், படுத்து ஓய்வாக இருக்கும்போதும், நடுராத்திரியிலும் எலும்பு வலித்தால்.

* காரணம் தெரியாமல் உடம்பு இளைப்பது, சாயந்திரக் காய்ச்சல், தலையணை நனைகிற அளவுக்கு ராத்திரி வியர்வை.

* கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத நெறிக் கட்டு.

* முன்பு எப்போதாவது புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்தவர், அல்லது நீண்ட காலமாக முடக்குவாதம் உள்ளவர். முடக்குவாதக்காரர்களுக்கு லிம்ஃபோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம்.

* எக்ஸ்ரேயில் தெரிகிற தேய்மானத்துக்கும் வலிக்கும் பொருத்தமில்லாமல் இருந்தால், அல்லது ஆபரேஷன் சமயத்தில் எலும்பின் நிறமோ பதமோ வித்தியாசமாக இருப்பதை டாக்டர் பார்த்தால்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு என்று பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ சாப்பிட்டிருந்தால், வெட்கப்படாமல் அந்தப் பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். 'மந்திரம் போட்ட மாதிரி வலி போச்சு' என்பதன் ரகசியம் அதுதான். ஸ்டீராய்டு தொடை எலும்பின் தலையைச் சாகடிக்கவும் செய்யும். லிம்ஃபோமாவைத் தற்காலிகமாகச் சுருக்கி, பயாப்ஸியில் நோயே தெரியாதபடி குழப்பவும் செய்யும்.

லேபில் என்ன நடக்கிறது?

எடுத்த எலும்பை ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்புகிறார்கள். சதை என்றால் மெல்லியதாகச் சீவிவிடலாம். எலும்பைச் சீவ முடியுமா? கத்திதான் முறியும். அதனால் அதை அமிலத்திலோ அதற்கென உள்ள வேறு ரசாயனத்திலோ ஊறவைத்து, சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றி மிருதுவாக்குகிறார்கள். இதற்கே பல நாள் பிடிக்கும். அப்புறம் மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். 'ரத்த டெஸ்ட் சாயந்திரமே வருது, இதுக்கு ஏன் இத்தனை நாள்?' என்று லேபில் சண்டை போடாதீர்கள். காரணம் இதுதான்.

லிம்ஃபோசைட்டுகள் கூட்டமாகத் தெரிந்தால் உடனே புற்றுநோய் என்று எழுதிவிடமாட்டார்கள். முடக்குவாதத்திலும், நாள்பட்ட கிருமித் தொற்றிலும், வயதானவர்களின் மஜ்ஜையில் சாதாரணமாகவும்கூட அவை கூட்டம் கூடுவதுண்டு. அணுக்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களைச் சாயம் மூலம் கண்டுபிடிக்கிற 'இம்யூனோ' பரிசோதனை செய்துதான் இது நல்ல கூட்டமா, கெட்ட கூட்டமா என்று முடிவு கட்டுவார்கள். அதற்கு இன்னும் சில நாளும் கொஞ்சம் பணமும் ஆகும்.

நம் ஊரில் இன்னொரு ஆள்மாறாட்டமும் உண்டு. காசநோய்! நெறிக் கட்டு, காய்ச்சல், இளைப்பு என்று இரண்டுக்கும் அறிகுறிகள் ஒரே மாதிரி. லிம்ஃபோமாவை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, தேய்மானம் என்று எடுத்த மூட்டில் டி.பி. இருப்பதும் உண்டு. டி.பி. என்றால் அதற்கு முழுமையாகக் குணமாக்கும் மருந்து இருக்கிறது. எதுவாக இருந்தாலும் திசுப் பரிசோதனைதான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

'லிம்ஃபோமா' என்று வந்துவிட்டால்...

முதலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். புற்றுநோய் என்ற வார்த்தையைப் பார்த்ததும் 'எல்லாம் முடிஞ்சது' என்று அழவேண்டிய காலம் இதுவல்ல. லிம்ஃபோமா என்பது ஒரே நோய் அல்ல, பல வகைகள் சேர்ந்த ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தில் சாதுவும் உண்டு, முரடனும் உண்டு.

அடுத்த படி, ரத்தப் புற்றுநோயைக் கவனிக்கிற டாக்டரிடம் போவது. நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்க ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் மஜ்ஜைப் பரிசோதனை செய்வார்கள். சாதுவான வகையாக இருந்து தொந்தரவும் இல்லாவிட்டால், உடனே மருந்தே வேண்டாம், சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிடலாம். 'கேன்சர்னு சொல்லிட்டு மருந்து தரமாட்டேங்கிறாரே' என்று டாக்டரை மாற்றவேண்டாம். அதுவும் ஒரு சிகிச்சை முறைதான்.

வேகமாக வளர்கிற வகைக்குத் தாமதம் கூடாது. ஆச்சரியம் என்னவென்றால், வேகமானவற்றில் பல வகைகள் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்டுக் குணமும் ஆகிவிடுகின்றன. எலும்போடு நின்றுவிட்ட லிம்ஃபோமாவுக்கு எலும்பின் மற்ற புற்றுநோய்களைவிட நல்ல பலன் கிடைக்கிறது. ஆபரேஷன் காயம் ஆறியதும் மருந்தை ஆரம்பிப்பார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும்.

இந்த மருந்துக் கூட்டணியில் 'வின்கிரிஸ்டின்' என்று ஒன்று. எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்து! உடனே, 'மூலிகை மலையான கொல்லிமலைக்குப் போய் ஒரு கட்டு பறித்து வந்து கஷாயம் வைக்கலாமே' என்று கிளம்பிவிடாதீர்கள். செடியில் அந்தச் சத்து மிக மிகச் சொற்பம். டன் கணக்கில் இலையைச் சுத்திகரித்தால்தான் கொஞ்சம் தேறும். அளவு தப்பினால் விஷம். அந்த மருந்தை ரத்தக் குழாயில் மட்டுமே, அதுவும் அளந்து செலுத்துகிறார்கள். கஷாயம் வேலைக்கு ஆகாது, ஆபத்து.

இன்னொரு மருந்து 'ரிட்டுக்சிமாப்'. அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. பழைய மருந்துகளோடு இதையும் சேர்த்தால் 60 முதல் 80 வயதுக்காரர்கள்கூட அதிக நாள் வாழ்கிறார்கள் என்று 2002-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் நிரூபித்தார்கள். ஆரம்பத்தில் யானை விலை. 2007-இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதற்கு இணையான மருந்தை இந்தியாவிலேயே தயாரித்த பிறகு விலை இறங்கியது.

இடுப்பு ஆபரேஷன் ஆனவர்கள் இந்த டாக்டரிடம் சில விஷயங்களை நினைவூட்டவேண்டும். வின்கிரிஸ்டினால் கால் மரத்துப்போகலாம், புது மூட்டோடு நடப்பவர் தடுமாறி விழுந்துவிடக்கூடாது. கூடவே தருகிற ஸ்டீராய்டு எலும்பை மெலியவைக்கும், சர்க்கரையை ஏற்றும். ரிட்டுக்சிமாப் போடுவதற்கு முன் மஞ்சள்காமாலை 'பி' வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். இதயத்துக்கு எக்கோ எடுக்கவேண்டும்.

எங்கே போவது, செலவுக்கு என்ன செய்வது?

1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுவை ஜிப்மர் ஆகியவை உங்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான். கொல்லிமலைக்காரர்களுக்குப் பக்கத்தில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகளும் அடக்கம். உங்களுக்குத் தகுதி இருக்கிறதா, என்னென்ன பரிசோதனைக்குப் பணம் கிடைக்கும் என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு கவுன்டரில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியவை

ஆபரேஷனுக்கு முன்: "டாக்டர், எடுக்கிற எலும்பை பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். 'தேவையில்லை' என்றால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெளிவான காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம்.

அன்றைய தினம்: டப்பாவை உங்கள் கையில் கொடுத்து, 'லேபில் கொடுத்துட்டு வாங்க' என்று சொன்னால், டப்பாவின் உடம்பில் (மூடியில் அல்ல!) பேஷன்ட் பெயர், வயது, தேதி, எந்தப் பக்க இடுப்பு என்பதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடி மாறிப்போகலாம். எலும்பு திரவத்தில் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். 'நாளைக்குக் கொடுத்துக்கலாம்' என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். லேப் நம்பர் எழுதிய ரசீதை வாங்கி பத்திரமாக வையுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று: இதுதான் மிக முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பயாப்ஸி ரிப்போர்ட் வரவேண்டியிருக்கிறது' என்று எழுதித்தரச் சொல்லுங்கள். எந்தத் தேதியில், யாரிடம் வாங்கவேண்டும் என்று கேளுங்கள். ஒரு போன் நம்பருக்கு இரண்டு நம்பர் கொடுங்கள். மலைக் கிராமங்களில் டவர் கிடைப்பது சிரமம் என்பதால், கீழே இருக்கிற உறவினர் நம்பர் ஒன்றும் இருக்கட்டும்.

அதன் பிறகு: தகவல் வராவிட்டால் 'நல்லாத்தான் இருக்கும், அதான் கூப்பிடலை' என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ரிப்போர்ட் தொலைந்திருக்கலாம், நம்பர் தப்பாக இருக்கலாம். தையல் பிரிக்கப் போகிற நாளில் ஒரு நடை லேபுக்கும் போய் வாருங்கள். பெரியவரே மலையிறங்கி வரவேண்டியதில்லை, ரசீதோடு மகனோ மருமகளோ போனால் போதுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவைக்கலாம். ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொடுத்து அர்த்தம் கேளுங்கள், நீங்களே படித்துப் பதறவேண்டாம். இரண்டாவது அபிப்பிராயம் தேவைப்பட்டால், லேபில் வைத்திருக்கிற மெழுகுக் கட்டியையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வேறு நிபுணரிடம் காட்டலாம். இதற்காக மறுபடி ஆபரேஷன் வேண்டியதில்லை.

சில சந்தேகங்கள்

செயற்கை மூட்டு வைத்ததால்தான் புற்றுநோய் வந்ததா?

இல்லை. எடுத்த எலும்பிலேயே நோய் இருந்திருக்கிறதே! மூட்டு வைப்பதற்கு முன்பே வந்த விருந்தாளி அது.

அப்படியானால் மூட்டைக் கழற்றிவிட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. மூட்டு அதன் வேலையைச் செய்யும், மருந்து அதன் வேலையைச் செய்யும். சிகிச்சைக் காலத்தில் கிருமித் தொற்று எளிதில் வரும் என்பதால், மூட்டில் வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் மட்டும் உடனே போகவேண்டும்.

கத்தி பட்டதால் புற்றுநோய் பரவியிருக்குமோ?

லிம்ஃபோமா ரத்தத்தோடும் நிணநீரோடும் இயல்பாகவே சுற்றுகிற அணுக்களின் நோய். அதன் சிகிச்சையும் உடம்பு முழுவதற்குமான மருந்துதான். கத்தி பட்டதை நினைத்துப் புலம்பவேண்டாம்.

பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொற்றுமா?

தொற்றாது. தட்டு, டம்ளர், படுக்கை எதையும் தனியாக ஒதுக்கத் தேவையில்லை. பேரக்குழந்தைகள் தாராளமாக மடியில் உட்காரலாம்.

பெரியவரிடம் சொல்லலாமா?

பல வீடுகளில் 'தாத்தாவுக்குத் தெரியவேண்டாம்' என்று மூடி வைக்கிறோம். அன்பினால்தான். ஆனால் மாதக்கணக்கில் ஊசி போடுகிறபோது அவருக்குத் தெரியாமலா போகும்? தாங்குகிற அளவுக்கு, டாக்டரை வைத்துக்கொண்டு, பக்குவமாகச் சொல்லிவிடுவதே நல்லது. தெரிந்துகொண்டவர்தான் மலையிறங்கி வந்து ஒவ்வொரு ஊசியையும் தவறாமல் போட்டுக்கொள்வார்.

போன வருஷமோ அதற்கு முன்போ உங்கள் வீட்டில் யாருக்காவது மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? இன்றைக்கே அந்த ஃபைலை எடுத்துப் பாருங்கள். பயாப்ஸிக்கு அனுப்பியதாக எழுதியிருந்து ரிப்போர்ட் மட்டும் இல்லாவிட்டால், நாளைக் காலை ஒரு போன் செய்துவிடுங்கள்.